கோசுமல்லி ஏன் தண்ணீர் விடுகிறது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில், வில்லியனூர் பக்கம், வெயில் ஏறத் தொடங்கியதும் வெள்ளரிப் பிஞ்சு வந்துவிடும். கூடையில் அடுக்கி, மேலே ஈரச்சாக்கு மூடி வைத்திருப்பார்கள். கேட்டால் நான்காகக் கீறி, கீறலுக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுப்பார்கள். வாங்கிய சூட்டோடு கடித்தால் நறுக்கென்றிருக்கும். பஸ் வரட்டும், ஏறி உட்கார்ந்து சாவகாசமாகத் தின்னலாம் என்று காத்திருந்தால் கதை வேறு. முதலில் மிளகாய்த்தூள் நனையும். பிறகு சிவப்பாக ஒரு நீர் உள்ளங்கையில் இறங்கி மணிக்கட்டு வரை வழியும். பஸ்ஸில் உட்கார்ந்து கடிக்கும்போது பிஞ்சு துவண்டிருக்கும்.

வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ராம நவமிக்குப் பத்து மணிக்கே வெள்ளரியும் பாசிப்பருப்பும் சேர்த்துப் பிசைந்து வைத்த கோசுமல்லி, இலை போடும் நேரத்தில் சொதசொதவென்று கிண்ணத்தின் அடியில் குளம் கட்டி நிற்கும். கெட்டித் தயிரில் போட்ட வெள்ளரிப் பச்சடி மோராகிவிடும். தக்காளி, வெங்காயம், வெள்ளரி என்று வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கி எலுமிச்சை பிழிந்து வைக்கிறோமே, அந்த ‘சாலட்’டின் கதியும் அதுவே.

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. “காயில இருந்த தண்ணிதான்” என்று சொல்லிவிடலாம், அது சரியும்கூட. ஆனால் அதே பிஞ்சு காலையிலிருந்து கூடையில் கிடந்தது, ஒரு சொட்டு வரவில்லை. உப்பில்லாமல் கீறி வைத்தாலும் வெட்டிய இடம் கொஞ்சம் ஈரமாகும், அவ்வளவுதான். உப்பு பட்டதும் வழிகிறது. வெளியே விழுந்த உப்பு, உள்ளே இருந்த தண்ணீரை எப்படி வெளியே வரவழைக்கிறது?

ட்யூபும் டயரும்

வெள்ளரியின் எடையில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். கால் கிலோ வெள்ளரி வாங்கினால் ஏறத்தாழ 238 கிராம் தண்ணீரும் 12 கிராம் மற்றதும் வாங்குகிறோம். விலையைக் கேட்டபின் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவு தண்ணீரும் ஒழுகாமல் நிற்கக் காரணம், அது மொத்தமாகத் தேங்கிக் கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான அறைகளில் அடைபட்டிருக்கிறது. அந்த அறைகள்தான் செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு உறை. வெளியே இருப்பது சுவர். நார்ப்பொருளால் ஆனது, உறுதியானது, ஆனால் தண்ணீரும் உப்பும் தாராளமாகப் புகுந்து போகும் அளவுக்கு ஓட்டை நிறைந்தது. சுவருக்கு உட்புறம் ஒட்டினாற்போல் மிக மெல்லிய சவ்வு. சவ்வு தண்ணீரை விடும். சர்க்கரையையும் உப்பையும் எளிதில் விடாது.

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சவ்வு ட்யூப், சுவர் டயர். ட்யூப் உப்பி டயரை உள்ளிருந்து நெருக்கும்போது சக்கரம் கல்லுப் போல் இருக்கும். டயர் தனியாக விறைத்து நிற்காது. ட்யூப் தனியாக எடையைத் தாங்காது. செல்லில் காற்றுக்குப் பதில் தண்ணீர். உள்ளிருந்து சவ்வு சுவரை நெருக்கும் இந்த அழுத்தத்தை விறைப்பழுத்தம் என்பார்கள். கார் டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தம் பல செடிகளின் செல்களில் உண்டு. பிஞ்சைக் கடிக்கும்போது கேட்கும் ‘நறுக்’, அழுத்தத்தோடு இருக்கும் ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும் ஓசை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொடியிலிருந்து பறித்து, கூடையில் வந்து, அரிவாள்மனையில் துண்டான பிறகும் அந்தச் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சுவாசிக்கின்றன. சவ்வு வேலை செய்வது அதனால்தான். வேகவைத்தால் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்திலேயே சவ்வு சிதைந்துவிடும், பிறகு ட்யூபே கிடையாது. பொரியலுக்கும் கோசுமல்லிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான்: ஒன்றில் காய் செத்துவிட்டது, மற்றதில் இன்னும் சாகவில்லை. சாலட் செய்வதில் உள்ள சூட்சுமம் எல்லாம், உயிருள்ள ஒன்றிடம் உப்பையும் புளிப்பையும் எண்ணெயையும் எந்த நேரத்தில் நெருங்க விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

1748, பாரிஸ்

1748-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே டூப்ளே பிரெஞ்சு கவர்னர். அவருடைய துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். அதே ஆண்டில் பாரிஸில் ழான் அந்துவான் நொல்லே என்ற பாதிரியார் நம் கோசுமல்லிக் கேள்விக்கு முதல் தடயத்தைக் கண்டுபிடித்தார்.

அவர் தேடியது வேறு எதையோ. ஒரு குப்பியில் சாராயம் ஊற்றி, வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் மேல்நோக்கிப் புடைத்திருந்தது. ஊசியால் குத்தினார், உள்ளிருந்து பீய்ச்சி அடித்தது. வெளியே இருந்த தண்ணீர் தோலைக் கடந்து உள்ளே போயிருக்கிறது. உள்ளே இருந்த சாராயம் அதே வேகத்தில் வெளியே வரவில்லை.

தண்ணீர் இப்படிச் சவ்வைக் கடந்து போவதைத்தான் நம் பாடநூல்கள் சவ்வூடு பரவல் என்கின்றன. விதி எளிது. சவ்வின் இரு பக்கமும் தண்ணீர் இருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் இங்கும் அங்குமாகப் போய்வரும். ஒரு பக்கத்தில் உப்போ சர்க்கரையோ கரைந்திருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் தண்ணீர் குறையும். போவது அதிகம், வருவது குறைவு. ஆக மொத்தத்தில் தண்ணீர், கரைசல் அடர்த்தியாக இருக்கும் பக்கம் போய்ச் சேரும். உப்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். நானும் இந்த அத்தியாயத்தில் அப்படியே சொல்லப்போகிறேன். உண்மையில் நடப்பது போக்குவரத்துக் கணக்குதான்.

கொடியில் இருக்கும்போது செல்லுக்குள் சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்திருக்கின்றன. வெளியே வேர் அனுப்பும் நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். ஆகவே நீர் உள்ளே போகும், ட்யூப் உப்பும். பம்பு அடிக்க ஆள் தேவையில்லை.

கால் கிலோ வெள்ளரி, அரைக் கரண்டி உப்பு

இனி நம் அடுப்படிக்கு வருவோம். கால் கிலோ வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புத் தூவுகிறோம். உப்பு சுமார் 3 கிராம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்ன நடக்கிறது என்று கவனிக்கலாம்.

கத்தி பட்ட இடத்தில் செல்கள் உடைந்து, துண்டுகளின் மேல் லேசான ஈரப்படலம் இருக்கிறது. உப்பு அதில்தான் விழுகிறது. 100 மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 36 கிராம் வரை உப்பு கரையும். இங்கே படலத்தில் இருப்பதோ சில துளிகள். ஆகவே விழுந்த கணத்தில் அந்த ஈரம், கரைய முடிந்த அளவுக்கு உப்பைக் கரைத்துக்கொண்டு கடும் உப்புநீர் ஆகிவிடுகிறது. சவ்வின் மறுபுறம், செல்லுக்குள் இருக்கும் சாற்றின் வலிமை ஒரு சதவீத உப்புநீர் அளவுக்குத்தான் இருக்கும். நொல்லேயின் குப்பி இப்போது தலைகீழ்: அடர்த்தி வெளியே, நீர்த்தது உள்ளே.

முதல் நிமிடத்தில் உப்புப் பரல்களைச் சுற்றி முத்து முத்தாக நீர் அரும்பும். ஐந்து நிமிடத்தில் முத்துகள் சேர்ந்து, துண்டுகள் பளபளக்கத் தொடங்கும். அதன்பின் கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கும். வெளிவந்த நீரே உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்வதால் இழுவை வரவரக் குறையும், வேகமும் தணியும். இருபது நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒடியாது, வளையும். ஓரத்துச் செல்களில் ட்யூப் சுருங்கி டயரை விட்டு விலகிவிட்டது.

எவ்வளவு தண்ணீர் வரும்? உள்ளும் புறமும் அடர்த்தி சமமாகும் வரை ஓடவிட்டால், இந்த 3 கிராம் உப்பு கணக்குப்படி வெள்ளரியில் இருக்கும் நீரில் பாதிக்கு மேல் வெளியே கொண்டுவந்துவிடும். அரை மணியில் அவ்வளவு வராது. வெட்டுமுகத்துக்கு அருகிலுள்ள செல்கள்தான் உடனே நீர் விடும், நடுவில் இருப்பவற்றுக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகும். ஆனால் சில கரண்டி நீர் போதும், கோசுமல்லியைக் கெடுக்க.

துண்டின் அளவு இங்கே பெரிய விஷயம். ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரத் துண்டுக்கு ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 2 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 125 துண்டுகள். பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். காய் அதே காய், உப்புப் படும் இடம் ஐந்து மடங்கு. கோசுமல்லிக்குப் பொடியாக நறுக்கினால்தான் அழகு, பருப்போடு சேரும். அதற்கு விலை இந்த ஐந்து மடங்கு. மொட்டைக் கத்தியாக இருந்தால் வெட்டுவதற்குப் பதில் நசுக்கும். உப்பு வருமுன்பே செல்கள் உடைந்து நீர் ஓடிவிடும். சாலட் செய்ய ஆசைப்படுகிறவர்கள் புதிய எண்ணெய், புதிய வினிகர் தேடுவதற்கு முன்னால் கத்தியைச் சாணை பிடிக்கலாம்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேரில் கவர்னர் வடம் பிடிக்கிற வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட திருவிழா நாட்களில் நூறு பேருக்குச் சமைக்கிறவர்கள் காயைத் தனியாக, பருப்பைத் தனியாக, தாளிப்பைத் தனியாக வைத்திருந்து, “இலை போட்டாச்சா?” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உப்பில் கை வைப்பார்கள். சவ்வூடு பரவல் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

சர்க்கரை தூவினாலும் நீர் விடும், ஆனால் மெதுவாக. கணக்கில் எடுபடுவது எடையல்ல, கரைந்த துகள்களின் எண்ணிக்கை. உப்பு கரையும்போது ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. சர்க்கரை மூலக்கூறோ கனமானது, பிரிவதும் இல்லை. கிராமுக்குக் கிராம் பார்த்தால் உப்பின் இழுவை சர்க்கரையைப் போல் கிட்டத்தட்ட 12 மடங்கு. கரைசலின் இழுவை துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று கணக்கிட்டுக் காட்டியவர் டச்சுக்காரரான வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-இல், அவருக்குத்தான் போனது.

தண்ணீரை முதலிலேயே எடுத்துவிடுவது

தயிர்ப் பச்சடிக்கு எதிர்வழி உண்டு. தண்ணீர் எப்படியும் வரப்போகிறது என்றால், தயிரில் சேர்ப்பதற்கு முன்பே வந்துவிடட்டும். துருவிய வெள்ளரியில் உப்புப் பிசறி கால்மணி நேரம் வைத்து, ஒட்டப் பிழிந்து, பிறகு தயிரில் போடுங்கள். பச்சடி மாலை வரை கெட்டியாக நிற்கும். ‘நறுக்’ கொஞ்சம் போய்விடும். அதற்குப் பதில் ஒரு மெல்லும் பதம் வரும், அதுவும் நன்றாகவே இருக்கும். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம். உப்பும் வெள்ளரி வாசனையும் ஏறிய அந்த நீர் நீர்மோருக்கு அருமை. தயிரில் வேறு உப்புப் போடுமுன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே விதியைத் திருப்பிப் போட்டால் துவண்ட காயை மீட்கலாம். சந்தையிலிருந்து வந்து இரண்டு நாளாகிக் குனிந்துபோன கேரட்டையும் முள்ளங்கியையும் உப்பில்லாத குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெளியே நல்ல தண்ணீர், உள்ளே சர்க்கரைச் சாறு. நீர் உள்ளே போய் மறுபடி விறைக்கும். கீரைக்காரம்மா கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது எடை கூட்டத்தான் என்று சந்தேகப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாக வேண்டிய அளவுக்கு வாடிய காய் மட்டும் திரும்பாது, சவ்வு கிழிந்துவிட்டால் ட்யூபுக்கு ஒட்டுப் போட முடியாது.

கிண்ணத்தில் நடப்பது வயலிலும் நடக்கிறது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நல்ல தண்ணீர் பாயும் நிலத்தையும், கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறிப்போன நிலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. நனைந்த மண்ணில் நின்றுகொண்டே பயிர் வாடும். உப்பை அதிகம் தாங்காத செடிகளில் வெள்ளரியும் ஒன்று.

பாசிப்பருப்பு அங்கே எதற்கு?

கோசுமல்லியில் பாசிப்பருப்பு சத்துக்கு என்பார்கள். இருக்கட்டும். அது இன்னொரு வேலையும் செய்கிறது. காய்ந்த பருப்பில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். ஊறினால் மாவுப்பொருளும் புரதமும் நீரை உறிஞ்சி உப்பும். இதற்குச் சவ்வு தேவையில்லை. காய்ந்த பஞ்சணையும் செய்யும் வேலைதான், உள்ளீர்ப்பு என்று பெயர். முழுக்க ஊறிய பருப்பு ஏற்கெனவே வயிறு நிறைந்தது, மேலும் குடிக்காது. இருபது முப்பது நிமிடம் மட்டும் ஊறி, கடித்தால் நடுவில் லேசாகக் கெட்டி தட்டுகிற பருப்பு, வெள்ளரி விடும் நீரைத் தானே வாங்கிக்கொள்ளும். வடிகட்டித் துணியில் ஈரம் ஒற்றிவிட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. தேங்காய்த்துருவலும் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும்.

இலைக்கு விதி வேறு

புதுச்சேரி நகரத்து உணவகங்கள் லெட்யூஸ் இலை இல்லாமல் நடக்காது. ஆரோவில் பண்ணைகளில் சாலட் கீரைகள் விளைகின்றன. இப்போது நகரத்துக்கு வெளியே கொம்யூன் ஊர்களிலும் சிலர் வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்க்கிறார்கள். பறித்து வந்த இலையில் வெட்டுமுகம் அதிகம் இல்லை. மேலே மெழுகுப்பூச்சு உண்டு. வெறும் எலுமிச்சைச் சாறு அதன் மேல் உருண்டு ஓடும், ஒட்டாது. எண்ணெயோ மெழுகோடு உறவுகொண்டு பரவி, மெல்ல ஊடுருவி உள்ளே போகும். ஆகவே இலையைத் துவளச் செய்வதில் வினிகரைவிட எண்ணெய் வேகமானது. புளிப்புதான் இலையைக் கெடுக்கும் என்று நினைத்து, எண்ணெயை மட்டும் முன்னதாகவே பிசறி வைப்பது தவறான வழி.

வெள்ளரித் துண்டில் முதலில் எண்ணெய் பிசறினால் உப்பு இறங்காது என்றொரு யோசனை சொல்வார்கள். எண்ணெயில் உப்பு கரையாது என்பது உண்மை. ஆனால் ஈரமான வெட்டுமுகத்தில் எண்ணெய் ஒட்டுவதே இல்லையே. சற்றுத் தாமதமாகும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கடுகின் இரண்டு முகம்

பிரெஞ்சுக்காரர் சாலட்டுக்கு ஊற்றும் வினெய்கிரெத், மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு வினிகர், கொஞ்சம் அரைத்த கடுகு. அவர்களுடைய திழோன் கடுகு விழுதுக்குப் போகும் பழுப்புக் கடுகும் நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகும் ஒரே இனம். அதில் மூக்கைத் துளைக்கும் காரம். நம் தாளிப்பில் அந்தக் காரம் எங்கே போனது?

கடுகு விதைக்குள் காரம் கிடையாது. காரத்துக்கு மூலமான பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. விதை நசுங்கி, தண்ணீரும் சேர்ந்தால் இரண்டும் சந்திக்கும். சில நிமிடங்களில் காரம் பிறக்கும். பூச்சிக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் கண்ணிவெடி இது. காய்ந்த எண்ணெயில் முழுக் கடுகைப் போட்டால் சூட்டில் நொதி செத்துப்போகும். வெடித்த கடுகில் மணம் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

அரைத்த கடுகுக்கு இன்னொரு குணம். எண்ணெயும் வினிகரும் எவ்வளவு அடித்தாலும் சேராது. விட்டால் எண்ணெய் மேலே மிதந்துவிடும். கடுகுத் தோலில் ஒரு வழவழப்பான பசை இருக்கிறது. அது எண்ணெய்த் துளிகளுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றோடொன்று சேர விடாமல் தடுக்கும். இப்படி எண்ணெய் பொடித் துளிகளாகச் சிதறி நீரில் நிற்பதைப் பால்மம் என்கிறோம்.

வீட்டில் செய்ய, இரண்டு டீஸ்பூன் கடுகை அம்மியிலோ சிறு மிக்ஸி ஜாரிலோ கொஞ்சம் தண்ணீர் விட்டு நைசாக அரையுங்கள். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். எலுமிச்சையை முதலிலேயே பிழிந்துவிடக் கூடாது. புளிப்பு நொதியின் வேலையை நிறுத்திவிடும், காரம் பாதியில் நிற்கும். காரம் ஏறியபின் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு முள்கரண்டியால் அடித்துக்கொண்டே இருங்கள். பாகூர் பக்கத்து வீடுகளில் இருக்கிற மணிலா (நிலக்கடலை) எண்ணெய் போதும், ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். நல்லெண்ணெய் மணம் கடுகோடு மல்லுக்கு நிற்கும், பிடித்தவர்கள் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

அவசரப்பட்டு எண்ணெயை மடமடவென்று ஊற்றினால் திரிந்து பிரிந்துவிடும். அப்போது வேறொரு கிண்ணத்தில் அரை டீஸ்பூன் கடுகு விழுதும் சில துளி தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பிரிந்ததை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் மறுபடி கூடிவரும். எலுமிச்சை சேர்த்த விழுதில் காரம் சில நாள் தாங்கும். வெறும் தண்ணீரில் அரைத்து வைத்தது மறுநாளே சப்பென்று ஆகிவிடும்.